மருந்துக்கு விலையா? பெயருக்கு விலையா?

ஓலைச்சுவடி படிக்கக் கற்றவன் நான். புள்ளியிடாமலும் குறில் நெடில் வேறுபாடு காட்டாமலும் கீறப்பட்ட எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கல்லூரியில் எனக்குப் பயிற்சி தந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பென்னாகரத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். கோழி கிளறிய குப்பைபோல எழுதும் கைகளையும் படித்துப் பொருள் கண்டிருக்கிறேன். அத்தகைய என்னைச் சென்ற ஆண்டு ஒரு சிறு தாள் தலைகுனிய வைத்துவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் அறுபது அகவை கடந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். வானம் பார்த்த நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர். ஆண்டில் பாதியைப் பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மகளோடும், மீதியை இங்கே பூட்டிய வீட்டைத் திறந்துவைத்தும் கழிப்பவர். ஒரு மாலை அவர் என் திண்ணைக்கு வந்து, "தமிழய்யா, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். தனியார் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு அது. ஐந்து வரிகள். ஐந்திலும் ஓரெழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலம் என்பது மட்டும் தெரிந்தது, அதுவும் உய்த்துணர்ந்ததே.

"ஆளைப் பாத்ததுக்கு இருநூறு. மருந்துக் கடையில பாஞ்சு நாளைக்கு எண்ணூத்து எழுபதுன்னாங்க. பாதிதான் வாங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். சீக்கிரம் தீந்துபோவாதில்ல?" என்றார்.

அன்பர்களே! இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபின் எனக்கு உறக்கம் வரவில்லை. நாள்தோறும் உண்ண வேண்டிய நீரிழிவு மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பவர், மருந்து உண்ணாதவரினும் ஒரு வகையில் இரங்கத்தக்கவர். மருந்து உண்கிறோம் என்னும் நம்பிக்கை அவரிடம் இருக்கிறது; நோயோ உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கண்ணும் சிறுநீரகமும் காலும் கெட்ட பிறகே அது வெளிப்படும். நோய் அவரை அறியாமையால் வெல்லவில்லை, விலையால் வெல்கிறது.

மறுநாள் அவர் வாங்கிய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முகப்பில் கவர்ச்சியான பெயர்கள். அவற்றை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைக் குறிக்கும் பொடியெழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் படித்தபோதுதான் மறைபொருள் விளங்கியது. ஒன்று, மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த நீரிழிவுக் கூட்டுமருந்து. ஒன்று, குருதியழுத்தத்திற்கான அம்லோடிபின். ஒன்று, அசிகுளோபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த வலிக்கொல்லி. ஒன்று, அந்த வலிக்கொல்லி இரைப்பையைப் புண்ணாக்காமல் இருக்கக் கொடுத்த பாண்டோபிரசோல். மீதி ஒன்று பொன்னிற உறையிட்ட ஊட்டச்சத்து மாத்திரை. ஐந்தனுள் விலை மிகுந்ததும் அதுவே! இவற்றுள் எந்த மருந்துக்கும் இன்று காப்புரிமைத் தடை கிடையாது. யார் வேண்டுமாயினும் செய்யலாம். எண்ணற்ற நிறுமங்கள் செய்துகொண்டும் இருக்கின்றன. நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் உரிய மருந்துகள் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் காசின்றிக் கிடைப்பவை.

அப்படியானால் அந்த மூதாட்டி எண்ணூற்று எழுபது உருபாவை எதற்குக் கேட்கப்பட்டார்? மருந்துக்கா? பெயருக்கா?

இங்கே ஓர் இலக்கணச் செய்தி சொல்ல வேண்டும்; தமிழாசிரியனாகிய என்னால் அதைச் சொல்லாமல் இருக்க இயலாது. பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இரண்டாகப் பகுத்துக் கற்பிக்கிறோம். மருந்துக்கும் இவ்விரு வகைப் பெயர்களும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 1950களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரு பெயரை வகுத்து வருகிறது. அதை மூலப்பெயர் என்போம். அப்பெயர்களுக்கு நம் பகுபதம்போல விகுதி உண்டு என்பதை அறிந்தபோது நான் வியந்து போனேன். அட்டனோலோல், மெட்டோபுரோலோல் என 'ஓலோல்' என்று முடிந்தால் ஓரினம். எனாலாபிரில், இராமிபிரில் என 'பிரில்' என்று முடிந்தால் மற்றோரினம். ஒமிபிரசோல், பாண்டோபிரசோல் என 'பிரசோல்' என்று முடிந்தால் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் இனம். விகுதியைக் கண்டு வினைமுற்றின் திணை பால் அறிவதுபோல, இறுதியைக் கண்டு மருந்தின் குடும்பத்தை அறியலாம். கற்றவன் ஏமாற மாட்டான், கற்பதும் அரிதன்று.

வணிகப்பெயரோ வெறும் இடுகுறி. நிறுமத்தார் தம் விருப்பப்படி இட்டது. ஒரே பாரசிட்டமாலுக்கு எத்தனையெத்தனை பெயர்கள்! ஒரு பொருள் குறித்த பல சொல் என்பது பாட்டுக்கு அழகு. மருந்துக் கடையில் அது ஏழையின் மடியை அவிழ்க்கும் சூழ்ச்சி. ஒரு மருத்துவர் எழுதிய பெயரையும் மற்றொரு மருத்துவர் எழுதிய பெயரையும் வேறுவேறு மருந்து என்றெண்ணி, ஒன்றையே இருமடங்கு உண்டு ஈரலைக் கெடுத்துக் கொள்ளும் இடரும் இதில் இருக்கிறது. இன்னொன்று: மாத்திரை என்பது நமக்கு அளவின் பெயர், கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் கொண்டு ஒலியை அளந்தவர்கள் நாம். இன்று மாத்திரை இருக்கிறது, அளவுதான் காணாமற் போயிற்று.

வணிகப்பெயர் எழுதினால் என்ன, கடைக்காரர் மலிவான வேறு நிறுமத்து மருந்தைக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கக் கூடாது! 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, மருத்துவர் சீட்டின்மேல் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளுக்கு, சீட்டில் எழுதிய ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொடுக்கக் கடைக்காரர்க்கு உரிமை இல்லை. உட்பொருள் ஒன்றாகவே இருந்தாலும் இல்லை. ஆகவே மருந்தின் விலையைக் கடைசியில் முடிவு செய்வது கடையுமன்று, அரசுமன்று, உண்பவருமல்லர், மருத்துவரின் எழுதுகோல். ஆடையை நாம் தேர்கிறோம், அரிசியை நாம் தேர்கிறோம். மருந்தில் மட்டும் தேர்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர். இவ்வமைப்பின் அருமை தெரிந்த நிறுமங்கள் நோயரிடம் விளம்பரம் செய்வதில்லை. மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தைக் கற்பிக்கும்போது நோயர், மருத்துவர், மருந்து, உழையர் என்னும் நான்கு கூற்றை நான் விளக்குவதுண்டு. வள்ளுவர்க்குத் தெரியாத ஐந்தாமவர் ஒருவர் இன்று இருக்கிறார். தோற்பையும் கழுத்துப்பட்டையுமாக வந்து, வரிசையில் காத்திருக்கும் நோயர்க்கு முன்னதாக உள்ளே செல்லும் விற்பனை முகவர் அவர். அவர்மேல் எனக்குச் சினமில்லை. பட்டம் பெற்றும் வேறு வேலை கிடைக்காத நம் வீட்டுப் பிள்ளைதான் அவரும். அவரை அனுப்பியவர்கள் கொடுத்தனுப்பும் பரிசுகளைப் பற்றியே பேச்சு. மருத்துவர்கள் மருந்து நிறுமங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறக்கூடாதென்று இந்திய மருத்துவக் கழகம் 2009 இறுதியில் தன் ஒழுக்க விதிகளில் சேர்த்தது. பெறுபவர்க்குத் தடை வந்தது, கொடுப்பவர்க்கு வரவில்லை. கொடுத்ததை வணிகச் செலவென்று கணக்கெழுதி வரிவிலக்குக் கேட்கும் துணிவும் நிறுமங்களுக்கு இருந்தது. 2022 பிப்பிரவரியில்தான் உச்ச நயன்மன்றம், அவ்வாறு கேட்கலாகாதென்று தீர்ப்பளித்தது. பரிசின் விலை மருந்தின் விலையில் ஏறி நோயர் தலையில்தான் விழுகிறது என்பதை அத்தீர்ப்பு மறைக்காமல் எடுத்துக் காட்டியது. 2024 மார்ச்சில் நடுவணரசு நிறுமங்களுக்கான புதிய நடத்தை நெறி ஒன்றை வெளியிட்டது. நெறி இருக்கிறது; அதை மீறுவோரைத் தண்டிக்கும் பல் அதற்கு இல்லை.

மூலப்பெயர் எழுதுவதைப் பற்றிய விதியின் வரலாறும் இத்தகையதே. 2002 ஆம் ஆண்டு விதிகள் 'கூடியவரை' மூலப்பெயரில் எழுதுக என்றன. அந்தக் 'கூடியவரை' என்னும் சொல்லுக்குள் ஒரு யானையே நுழையலாம். 2016 இல் அதைத் திருத்தி, மூலப்பெயரைத் தெளிவாகப் படிக்கும்படி, இயன்றால் பேரெழுத்துகளில் எழுதவேண்டும் என்றார்கள். 2023 ஆகத்து மாதம் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையான விதிகளை வெளியிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. அம்மாதம் முடிவதற்குள் அவ்விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மூன்று கிழமை உயிரோடிருந்த சட்டம்! பழைய விதிதான் இன்றும் நிற்கிறது. அதைப் பின்பற்றி எழுதிய சீட்டு ஒன்றையேனும் எங்கள் தெருவில் நான் காணவில்லை.

மருத்துவர்கள் எதிர்த்தமைக்குக் காரணம் சொல்கிறார்கள். அதைக் கேளாமல் தள்ளுவது முறையன்று. "மூலப்பெயரில் எழுதினால் எந்த நிறுமத்து மருந்து நோயர் கைக்குப் போகும் என்று எமக்குத் தெரியாது. தரமற்றதைக் கடைக்காரர் கொடுத்து நோயர் இறந்தால் பழி எமக்கு" என்பது அவர்கள் கூற்று. இதில் பாதி உண்மை. நாட்டில் தரமற்ற மருந்துகள் நடமாடுகின்றன. ஆனால் வணிகப்பெயர் தரத்திற்குக் காப்பு என்பது மறுபாதி, அது பொய். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப்பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட மருந்து அது. ஆய்ந்து பார்த்தபோது டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு நாற்பத்தெட்டுக்கு மேல் இருந்தது. அது மூலப்பெயரிலா விற்கப்பட்டது? வணிகப்பெயர் சூடித்தான் விற்கப்பட்டது. மருத்துவர் சீட்டில்தான் எழுதப்பட்டது. தரம் பெயரில் இல்லை, ஆய்வில் இருக்கிறது.

ஆய்வோடு மலிவும் கூடுமா என்றால், கூடும் என்பதற்குச் சான்று தேடித் தொலைநாடு போக வேண்டா. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் தொடங்கப்பெற்றது. மாநிலத்து அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் வேண்டிய மருந்துகளை மூலப்பெயரில் பட்டியலிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, தகுதியும் விலையும் தனித்தனி உறையில் வாங்கி ஆய்ந்து, மொத்தமாகக் கொள்முதல் செய்கிறார்கள். வந்த சரக்கு மாவட்டக் கிடங்கில் காத்திருக்கும். தொகுதிதோறும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயர் தெரியாமல் மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்கேடு உண்டு; அதில் உள்ள தொகைக்குத் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக் கொள்ளலாம். தமிழன் வகுத்த இந்த முறையைக் கண்டு கேரளமும் இராசத்தானும் தத்தமக்கு ஒரு கழகம் அமைத்துக் கொண்டன. நம்மைப் பார்த்துப் பிறர் செய்த செயல்கள் நூற்றாண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். இது அவற்றுள் ஒன்று. ஆயினும் நம் மக்களே "அரசு மாத்திரையா? அது சுண்ணாம்பு" என்று உதட்டைப் பிதுக்குவதைக் கேட்கும்போது, எதைக் கொண்டு நொந்துகொள்வது?

நம் மக்கள்மீதும் குறை உண்டு. மறைத்து என்ன பயன்? ஊசி போடாத மருத்துவரை மருத்துவரே அல்லர் என்கிறோம். சளிக்காய்ச்சல் நச்சுயிரியால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி அதற்குப் பயன்படாது. மூன்று நாள் ஓய்வும் கஞ்சியும் போதும். அப்படிச் சொல்லி வெறுங்கையோடு அனுப்பும் மருத்துவரிடம் மறுமுறை போகமாட்டோம். கையெழுத்து ஒன்றுக்கு இருநூறு உருபா கொடுத்தபின் ஐந்து வரியாவது இருந்தால்தான் மனம் நிறைகிறது நமக்கு. மருத்துவர் நன்றாக எழுதுகிறாரா என்று அளக்க உலக நலவாழ்வு நிறுவனம் 1993 இல் ஐந்து கேள்விகள் வகுத்தது: ஒரு சீட்டில் எத்தனை மருந்து, எத்தனை மூலப்பெயரில், நுண்ணுயிர்க்கொல்லி உண்டா, ஊசி உண்டா, இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருந்து எழுதப்பட்டவை எத்தனை. உங்கள் வீட்டுச் சீட்டுகளை எடுத்து இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சராசரியாக இரண்டு மருந்துக்குமேல் வேண்டியிருப்பது அரிது என்பதே பரவலாகச் சொல்லப்படும் அளவு.

கூட்டுமருந்துகள் பெருகியதற்கும் ஒரு காரணம் உண்டு. நடுவணரசு இன்றியமையா மருந்துகளுக்கு உச்சவிலை வரையறுக்கிறது. அவ்விலையை 1995 ஆணை செய்பொருட்செலவைக் கணக்கிட்டு வரையறுத்தது. 2013 ஆணையோ சந்தையில் ஏற்கெனவே விற்கும் விலைகளின் சராசரியோடு கடைக்காரர்க்குப் பதினாறு விழுக்காடு சேர்த்து வரையறுக்கிறது. விலையை ஏற்றியவரிடமே விலை என்ன என்று கேட்பது இது! அதையும் கடக்க ஒரு வழி, பட்டியலில் உள்ள ஒற்றை மருந்தோடு பிறிதொன்றைக் கலந்துவிடுவது. உச்சவிலையின் பிடி தளர்ந்துவிடும். மருத்துவத் தேவையற்ற கலவைகள் என்று 2016 மார்ச்சில் 344 கூட்டுமருந்துகளைத் தடை செய்தார்கள்; நிறுமங்கள் வழக்காடின; 2018 இல் 328 க்குத் தடை வந்தது; 2024 ஆகத்தில் மீண்டும் 156. தடை செய்யத் தடை செய்யப் புதியன முளைக்கின்றன, ஈசல்போல.

இனி எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு துயரம். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடிநீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் இலிட்டர் ஒன்றுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குமேல் இருக்கலாகாது. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை. பிறகு எலும்பிலும் மூட்டிலும் வலி. முதுகு விறைத்துப் போகும். என் வகுப்பில் பல்லைக் காட்டிச் சிரிக்க நாணும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஏறத்தாழ 1,928 கோடி உருபாச் செலவில் 2013 இல் பயனுக்கு வந்தது. காவிரிநீர் குழாயில் வரத் தொடங்கியது. ஆனால் முன்னரே எலும்பில் ஏறியது எளிதில் இறங்காது. குழாய்நீர் வாராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் மக்கள் போகிறார்கள். இந்த மூட்டுவலிக்குச் சீட்டில் என்ன எழுதப்படுகிறது? வலிக்கொல்லி. அது இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதால் இன்னொரு மாத்திரை. விரைந்து வலி போகவேண்டுமானால் டெக்சாமெத்தாசோன் போன்ற ஊசி. அது நீரிழிவை ஏற்றும், எலும்பை மெலிவிக்கும். வலிக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் உண்டால் சிறுநீரகம் கெடும். நீரால் வந்த நோய்க்கு நல்ல நீரை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் வேண்டும், "எந்தத் தண்ணீரம்மா குடிக்கிறாய்?" என்று கேட்பதற்கு ஒரு நொடி போதும். அந்தக் கேள்வியை அம்மூதாட்டியிடம் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மாலையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர்க்கு அந்த நொடியும் இல்லை என்பதை அறிவேன். வாக்குப்பதிவுப் பொறியைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோகும் கோட்டூர் மலையும் எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. மலையிலிருந்து நடந்து இறங்கி, பேருந்து பிடித்து வருகிறவர் வந்து சேரும்போது அரசு மருத்துவமனையின் காலைநேரப் புறநோயாளர் பிரிவு முடிந்திருக்கும். நாட்கூலி போனதும் போனதுதான். மாலையில் திறந்திருப்பது தனியார் அறை. அதனால்தான் போகிறார்கள், அறியாமையால் அன்று.

சாவாமையைத் தரும் என்று கருதிய அருநெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர் நாடு இது. அக்கனிக்கு அவன் பெயரும் இடவில்லை, விலையும் இடவில்லை.

பெயரை ஒழித்தால் விலை இறங்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பன்று. 1974 இல் நடுவணரசு அமைத்த சயசுக்லால் ஆத்தி குழு, வணிகப்பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டுமென 1975 இல் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த அறிக்கை உறங்குகிறது. நம் கடலுக்கு அப்பால் இலங்கையில் பேராசிரியர் சேனக்க பிபிலே செய்தே காட்டினார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்து, நாட்டுக்கு வேண்டிய மருந்துகளை மூலப்பெயரில், உலகெங்கும் விலைகேட்டு, அரசே வாங்கும்படி செய்தார். தனியார் சந்தைக்கு இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைந்தன. அதனால் எந்த நோயும் மருந்தின்றிப் போகவில்லை. 1977 இல் ஆட்சி மாறியது, கொள்கையும் தளர்ந்தது; அவ்வாண்டே பிபிலே அயல்நாட்டில் பணிமேற் சென்றிருந்தபோது மறைந்தார். 1982 இல் வங்காளதேசம் தேவையற்ற ஏறத்தாழ 1,700 மருந்துகளை ஒரே ஆணையால் நீக்கியது. பிபிலே சிங்களவர், நல்லதை யார் செய்தாலும் நல்லதென்று சொல்லத் தமிழனுக்குத் தயக்கம் வேண்டா.

மொழிக்கு வருவோம். பேரெழுத்தில் எழுதுக என்றார்களே, எந்த மொழியின் பேரெழுத்து? என் மூதாட்டிக்கு ஆங்கிலப் பேரெழுத்தும் ஒன்றே, சிற்றெழுத்தும் ஒன்றே. எப்போது உண்பது, உணவுக்கு முன்னா பின்னா, எதற்கான மருந்து, எத்தனை நாள் என்னும் நான்கையுமாவது தமிழில் எழுதினால் மருத்துவம் தாழ்ந்துவிடுமா? தமிழில் மேலைமருத்துவம் ஆகாதென்பார்க்கு ஒரு பெயர் சொல்வேன். சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார்; உடற்கூறும் மருந்தியலும் மகப்பேறும் தமிழில் நூல்களாயின. அயலவர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததை, தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்த மருத்துவர் தம் சீட்டில் நான்கு சொல்லளவுக்கேனும் செய்யலாகாதா?

இந்த வினாவோடு அம்மூதாட்டியை அழைத்துக்கொண்டு அந்த மருத்துவரிடமே போனேன். இளைஞர், என் மாணவன் அகவைதான் இருக்கும். சினந்து கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கொள்ளவில்லை. அட்டைகளை வாங்கிப் பார்த்தார்; ஊட்டச்சத்து மாத்திரையைத் தாமே அடித்தார்; வலிக்கொல்லியைப் பத்து நாளோடு நிறுத்தச் சொன்னார்; மற்றவற்றை மூலப்பெயரில், படிக்கும்படி, எழுதினார். "ஐயா, இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். வென்றோம் என்றெண்ணிக் கடைக்கு வந்தோம். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், உள்ளே போனார், பழைய அதே அட்டையை எடுத்து வைத்து, "இதுதான் இருக்குது" என்றார். அதே விலை! மருத்துவர் கையில் இருந்த தேர்வு கடைக்காரர் கைக்கு மாறியது; அவ்வளவே. வேறு வகை அட்டையும் அவரிடம் இருந்தது. மூலப்பெயர் மருந்தென்று கொள்முதல் விலை மிகக் குறைந்தது, அச்சிட்ட விலை மட்டும் வானளாவியது. எழுதுகோலை மட்டும் திருத்திப் பயனில்லை. அச்சிடும் விலையையும் திருத்தியாக வேண்டும் என்பதை அன்று கண்கூடாகக் கற்றேன். மருத்துவர் மூலப்பெயரில் எழுதுவதும், கடைக்காரர் தம்மிடம் உள்ளவற்றுள் மலிவானதை முதலில் காட்டுவதும், செய்பொருட்செலவின்மேல் இத்தனை விழுக்காட்டுக்குமேல் விலை அச்சிடலாகாது என்பதும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்தாலன்றி மூன்றும் தனித்தனியே தோற்கும்.

அதுவரை உள்ள வழிகளை நம்மவர் பயன்கொள்ளட்டும். 2025 பிப்பிரவரியில் தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது; மூலப்பெயர் மருந்துகள் அங்கே மலிவு. 2021 ஆகத்து 5 ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொண்டால் நீரிழிவு, குருதியழுத்த மருந்துகள் வீட்டு வாயிலுக்கே காசின்றி வருகின்றன. பாதி ஆண்டு பெங்களூரில் இருந்ததால் அம்மூதாட்டியின் பெயர் அதில் விடுபட்டிருந்தது. இப்படி விடுபட்டோர் எங்கள் வட்டத்தில் தெருவுக்குச் சிலர் இருப்பர். பிழைக்கப் போய்த் திரும்புவோரின் பெயரைத் திரும்பிய அன்றே சேர்க்க ஒரு வழி காணவேண்டும். அன்பர்கள் தத்தம் ஊரில் இதைக் கேட்டு எழுதுக.

பெயரைச் சேர்த்துவிட்டோம். முதன்முறை அரசு மாத்திரை வந்த அன்று அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்து காட்டினார். "பளபளன்னு இல்லையே தமிழய்யா, இது வேலை செய்யுமா?" என்றார். இரண்டு அட்டையிலும் உள்ள மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினேன். சென்ற கிழமை வழியில் பார்த்தபோது, "இன்னமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் உண்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"காசு குடுத்தா வாங்கினேன், மிச்சம் புடிக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.